கோள் மண்டலத்துக்குப் போகும் முன்னும் போய் வந்த பின்னும்

அத்தியாயம் 7: மேல்வகுப்பு மாணவர்களுக்கான வானியல் பயணம், அலவத்துகொடையிலிருந்து கொழும்புவரை

கண்டி–மாத்தளை வீதியில் அக்குறணையைத் தாண்டினால் அலவத்துகொட. அங்கிருந்து கொழும்பு 7இல் உள்ள இலங்கைக் கோள் மண்டலத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் வர ஒரு முழு நாள் வேண்டும். இருட்டோடு பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. அந்த நீண்ட நாளில் குவிமாடத்துக்குள் உட்காரக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் பலன் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் கொழும்பில் தீர்மானிக்கப்படுவதில்லை. பாடசாலை மைதானத்தில் ஒரு மாதமாவது வானத்தைப் பார்த்துவிட்டுப் போன பிள்ளை குவிமாடத்தில் தனக்குத் தெரிந்த நட்சத்திரத்தைத் தேடும். ஒன்றும் பார்க்காமல் போன பிள்ளை, குளிரூட்டிய இருட்டில் பயணக் களைப்போடு தூங்கிவிடும். ஆகவே பஸ்ஸுக்கு முற்பணம் கட்டுமுன் தொடங்கி, திரும்பி வந்த பின் நடத்த வேண்டிய இரவு நிகழ்ச்சிவரை சேர்த்தே இந்த அத்தியாயம் திட்டமிடுகிறது. தரம் 10 முதல் உயர்தரம்வரையான மாணவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது.

எங்கே என்ன இருக்கிறது

இலங்கைக் கோள் மண்டலம் 1965இல் கொழும்பில் நடந்த கைத்தொழில் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. நாட்டில் உள்ள ஒரே நிரந்தரக் கோள் மண்டலம் இதுதான். தாமரையை நினைவூட்டும் அந்தக் கொங்கிரீட் கட்டடத்தின் பின்னால் இருந்தவர் பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்க. முன்தகைப்புக் கொங்கிரீட்டை இலங்கையில் பரவலாக்கிய முன்னோடி அவர். பொறியியல் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் உள்ளே நுழையுமுன் கட்டடத்தை ஒருமுறை சுற்றிவந்து, அந்த இதழ்கள் பாரத்தை எப்படித் தாங்குகின்றன என்று பார்ப்பதும் பாடத்தில் சேர்த்திதான்.

உள்ளே 23 மீற்றர் விட்டமுள்ள குவிமாடம். அதற்காக அப்போதைய கிழக்கு ஜேர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனம் செய்த எறிகருவி தருவிக்கப்பட்டது. இவ்வகைக் கருவி பிறந்ததும் சைஸ் நிறுவனத்தின் யேனா தொழிற்சாலையில்தான். 1923இல் அதை மியூனிக் நகரில் காட்டினார்கள். 1925இல் அங்குள்ள ஜேர்மன் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக நிறுவினார்கள். கருவியின் நடுவில் ஓர் ஒளிமூலம், சுற்றிலும் நுண்ணிய துளைகள் இட்ட தட்டுகள், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வில்லை. ஒவ்வொரு துளையும் குவிமாடத்தில் ஒரு நட்சத்திரமாக விழுகிறது. கருவி ஓர் அச்சில் சுழன்றால் இரவு நகரும். இன்னோர் அச்சில் சாய்ந்தால் பார்ப்பவர் நிற்கும் அகலாங்கு மாறும். இந்த இரண்டாவது அசைவை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோள் மண்டலம் பகலிலும் வேலை செய்யும். உண்மையான வானத்தை அது காட்டாது. அதற்கு மொரட்டுவ, கட்டுபெத்தவில் உள்ள ஆதர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஜப்பான் அன்பளிப்பாகக் கொடுத்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி 1996 முதல் அங்கே உள்ளது. 2019 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்ட இலங்கையின் முதல் செய்மதி ‘ராவணா 1’ஐ வடிவமைத்த இளம் பொறியியலாளர்களும் இந்த நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்கள்தான். ஒரு பக்கம் பத்துச் சென்ரிமீற்றர் அளவான சிறு கனசதுரம் அது. விண்வெளித் துறையில் வேலை தேடினால் வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டுமா என்று கேட்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம்.

தொலைகாட்டிப் பார்வை இரவு வேலை. கோள் மண்டலத்தையும் கட்டுபெத்தவையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு அலவத்துகொடைக்குத் திரும்ப நினைப்பது பிள்ளைகளை வதைப்பதாகும். இரண்டும் வேண்டுமானால் கொழும்பில் ஓர் இரவு தங்க ஏற்பாடு செய்ய வேண்டும். முடியாவிட்டால் கட்டுபெத்தவை அடுத்த வருடத்துக்கு ஒதுக்கிவிடலாம்.

செலவு கட்டுப்படியாகாத பாடசாலைக்குக் கண்டியிலேயே வழி உண்டு. ஹந்தானை வீதியில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் மாணவர்களுக்கான விஞ்ஞான நிகழ்ச்சிகளை நடத்துகிறது. பூமியில் உயிர் உருவான இரசாயனத்தை ஆராய்ந்து, அமெரிக்காவின் நாசாவில் பணியாற்றிய சிறில் பொன்னம்பெரும 1980களில் இதன் பணிப்பாளராக இருந்தார். பேராதனைப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறைக்கும் ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம். விரிவுரையாளர் ஒருவர் பாடசாலைக்கு வந்தால் அறுபது பேருக்கான பஸ் செலவு மிச்சம்.

நாள் குறிப்பது

முதலில் தொலைபேசி. கோள் மண்டலம் திருத்தவேலைக்காக மாதக் கணக்கில் மூடப்படுவதுண்டு. காட்சி நடக்கிறதா, பாடசாலைகளுக்கு எந்த நாட்கள், தமிழில் விளக்கம் எந்த நேரத்தில் என்ற மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகுதான் அதிபரிடம் போக வேண்டும். தமிழ்மொழி மூல மாணவர்களைச் சிங்களக் காட்சியில் உட்கார வைத்துவிட்டு, ஆசிரியர் இருட்டில் கிசுகிசுத்து மொழிபெயர்க்கும் நிலை பல பாடசாலைகளுக்கு வாய்த்திருக்கிறது. கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் கிடைக்காது.

அடுத்தது நாட்காட்டி. போயா விடுமுறை என்பதால் அன்று இரவே வான்பார்வை வைக்கலாம் என்று பலரும் நினைப்பார்கள். வானியலுக்கு மாதத்திலேயே மோசமான இரவு அதுதான். முழுநிலவு நட்சத்திரங்களை விழுங்கிவிடும். வெளிச்சம் நேரே விழுவதால் நிலவின் கிண்ணக்குழிகளில் நிழலே இராது, தொலைகாட்டியில் தட்டையாகத் தெரியும். மாணவர்களுக்கு ஏற்றது பிறை பிறந்து ஐந்து முதல் எட்டு நாள்வரை. ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் குழிகளின் விளிம்புகள் எழுந்து நிற்கும். இரவு பத்துப் பதினொரு மணிக்குமேல் நிலவு சாய்ந்து நட்சத்திரங்களுக்கும் இடம் விடும்.

அக்குறணை, அலவத்துகொடப் பக்கத்துக் குடும்பங்களில் பிறை பார்ப்பது புதிய விடயமல்ல. மஃரிபுக்குப் பின் மேற்கு வானில் பிறை எவ்வளவு உயரத்தில் நிற்கும், எத்தனை நிமிடத்தில் மறையும், சூரியனிலிருந்து எவ்வளவு விலகியிருந்தால் கண்ணுக்குப் படும் என்பவை சுத்தமான வானியல் கேள்விகள். வகுப்பை அங்கிருந்தே தொடங்கலாம். இரவு நிகழ்ச்சியைத் தொழுகை நேரத்துக்குப் பின் வைத்தால் வரவும் குறையாது.

காலநிலையைப் பொறுத்தவரை கண்டிப் பிரதேசத்துக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்வரை நம்பிக்கையான மாதங்கள். ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இடியும் மழையும் வழமை. பயணத்துக்கும் அதே கணக்குத்தான். பலத்த மழையில் பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை நகரத்துக்குள்ளேயே பஸ் நின்றுவிடும். 2025 நவம்பரில் கடுகண்ணாவையில் மண்சரிந்து கொழும்பு–கண்டி வீதி மூடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கண்டி எசல பெரஹர நாட்களையும் தவிர்க்க வேண்டும். கட்டுகஸ்தோட்டை தாண்டவே நேரம் போய்விடும்.

போகும் முன்: மைதானத்தில் மூன்று வேலை

முதல் வேலை நிழல். ஒரு மீற்றர் கம்பொன்றைச் சமதரையில் நட்டு, தூக்குக் குண்டு பிடித்து நேராக்க வேண்டும். வாரத்துக்கு ஒருநாள், நண்பகலையொட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தால் போதும். மிகக் குறுகிய நிழல் பன்னிரண்டு மணிக்கு விழாது. இலங்கை நேரம் கிழக்கு 82.5 பாகை நெட்டாங்குக்கு உரியது. அலவத்துகொட இருப்பதோ ஏறத்தாழ 80.6 பாகையில். அந்த வித்தியாசத்துக்கு மட்டும் ஏழரை நிமிடம் தாமதம். மிச்சத்தைப் பூமியின் நீள்வட்டப் பாதையும் அச்சுச் சாய்வும் மாதத்துக்கு மாதம் கூட்டிக் குறைக்கும்.

டிசம்பர் 21ஐ ஒட்டி நண்பகல் நிழல் வடக்கே ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் நீளும். ஜூன் 21ஐ ஒட்டி அதே கம்பின் நிழல் தெற்குப் பக்கம் 29 சென்ரிமீற்றர் விழும். இரண்டுக்கும் நடுவே, ஏப்ரல் 8, 9 வாக்கிலும் செப்டெம்பர் 3, 4 வாக்கிலும், நண்பகல் 12.10ஐ ஒட்டி நிழல் கம்பின் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். அன்று சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே. ஏப்ரலில் எந்த நாளில் எந்த ஊருக்கு மேலே சூரியன் உச்சம் கொடுக்கிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிப்பதைப் பத்திரிகையில் பார்த்த பிள்ளைகள், அதைத் தாங்களே அளந்து சரிபார்க்கலாம். ஏப்ரல் தவணை விடுமுறையில் தப்பினால் செப்டெம்பர் இருக்கிறது.

இரண்டாவது வேலை துருவ நட்சத்திரம். அது அடிவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அதுவே ஊரின் அகலாங்கு. அலவத்துகொடைக்கு ஏழரைப் பாகைக்குச் சற்றுக் குறைவு. கையை முழுதாக நீட்டி முட்டியைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் பத்துப் பாகை. ஆக, நட்சத்திரம் அடிவானிலிருந்து ஒரு முட்டி உயரம்கூட இல்லை. மலைகள் சூழ்ந்த ஊரில் அநேகமாக அது தெரியாது. “சேர், அப்ப வடக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று யாராவது கேட்பார்கள். நண்பகல் நிழல் விழுந்த கோடு ஏற்கெனவே தரையில் இருக்கிறது. அதைக் காட்டினால் போதும்.

வடக்கில் இழந்ததைத் தெற்கு திருப்பித் தருகிறது. ஐரோப்பியப் பாடநூல்கள் பேசாத தென்சிலுவை மே மாத இரவில் ஒன்பது மணியளவில் தெற்கே 22, 23 பாகை உயரத்தில் நேராக நிற்கும். பெப்ரவரி இரவுகளில் அகத்திய நட்சத்திரம் அதைவிட உயரத்தில் ஒளிரும்.

மூன்றாவது வேலை பழைய பெயர்களை வானத்தில் கண்டுபிடிப்பது. பஞ்சாங்கம் புரட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை எல்லாம் காதில் விழுந்த பெயர்கள். அல்தெபரான், ரிகெல், வேகா என்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்கள் அரபியிலிருந்து வந்தவை. அரபு மத்ரஸாவில் படித்த பிள்ளைக்கு அதில் ஒரு நெருக்கம் இருக்கும். ரோகிணியும் அல்தெபரானும் ஒன்றே என்று ஜனவரி வானத்தில் விரலால் சுட்டிக்காட்டிய இரண்டு பிள்ளைகள் அதன்பின் பட்டியலை மனப்பாடம் செய்ய மாட்டார்கள்.

மின்சாரமும் இணையமும் உள்ள பாடசாலையில் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் ஊரின் அகலாங்கு நெட்டாங்கைக் கொடுத்து, அன்றிரவு வானத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வானம் முதலில், திரை பிறகு.

பயண நாள்

கல்விச் சுற்றுலாவுக்கு வலயக் கல்விப் பணிமனையின் முன் அனுமதி அவசியம். பெற்றோரின் கையொப்பம், பஸ்ஸின் வீதித் தகுதிப் பத்திரம், சாரதியின் விபரம், பெண் பிள்ளைகளோடு செல்லும் ஆசிரியைகளின் பெயர்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம். செலவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசி, கட்ட முடியாத பிள்ளைகளுக்கு யாருக்கும் தெரியாமல் வழிசெய்வது நல்லது.

பாதை இரண்டு. பழகிய வழி கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கடுகண்ணாவை, கேகாலை, நிட்டம்புவ. மற்றது கட்டுகஸ்தோட்டையிலிருந்து கலகெதரை ஊடாகக் குருநாகல் சென்று, 2022 ஜனவரியில் திறந்த அதிவேகப் பாதையில் மீரிகமவரை ஓடி, அங்கிருந்து பழைய வீதியைப் பிடிப்பது. கடுகண்ணாவை வளைவுகளில் தலைசுற்றும் பிள்ளைகளுக்கு முன் ஆசனம், கையில் ஒரு பை, காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். இது சின்ன விடயமில்லை. வாந்தியெடுத்துச் சோர்ந்த பிள்ளை குவிமாடத்தில் கண்ணைத் திறக்காது.

காட்சிக்கு முன் வயிறு நிறையச் சாப்பிடக் கொடுக்கக் கூடாது. முதலில் லேசாக ஏதாவது, காட்சி முடிந்த பிறகு சோற்றுப் பார்சல். அரை மணித்தியாலம் முன்னதாக இறங்கி, கழிவறை வேலைகளை முடித்து, தொலைபேசிகளை நிறுத்திவிட்டு உள்ளே போக வேண்டும். ஒரே ஒரு கைப்பேசித் திரை எரிந்தாலும் சுற்றியிருக்கும் எல்லோருடைய கண்ணும் இருட்டுக்குப் பழகியதை இழந்துவிடும். முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடமாகும்.

இப்போது கருவியின் அந்த இரண்டாவது அசைவு. காட்சி தொடங்குமுன் விளக்குநரிடம் பணிவாக ஒரு வேண்டுகோள் வைக்கலாம்: முதலில் இலங்கையின் வானத்தைக் காட்டி, பிறகு அகலாங்கைக் கூட்டிக்கொண்டே வடதுருவத்துக்குக் கொண்டுபோக முடியுமா? ஊரில் மலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த துருவ நட்சத்திரம் மெல்ல மெல்ல ஏறி உச்சிக்கு வந்து நிற்கும். அதைச் சுற்றி எல்லா நட்சத்திரங்களும் உதிக்காமல் மறையாமல் கிடையாக வட்டமிடும். கம்பும் நிழலும் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு அந்த இரண்டு நிமிடத்தில் பல பாடங்கள் ஒன்றாகக் கூடிவரும். எல்லாக் காட்சியிலும் இதற்கு இடமிராது. முன்பதிவின்போதே கேட்டு வைத்தால் வாய்ப்பு அதிகம்.

பிள்ளைகளிடம் நீண்ட வினாத்தாள் கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் ஒரு கேள்வியோடு போய், விடையோடோ இன்னொரு கேள்வியோடோ திரும்பினால் போதும். பிற்பகலில் நேரம் இருந்தால் அருகிலுள்ள தேசிய நூதனசாலை. 1877இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்குள் போனால் இரண்டு மணித்தியாலம் போவது தெரியாது. ஆகவே முன்கூட்டியே ஒரு பகுதியை மட்டும் தெரிவு செய்துகொள்வது நல்லது.

திரும்பிய பின்

ஒரு வாரத்துக்குள் பாடசாலை மைதானத்தில் ஓர் இரவு வைக்க வேண்டும். மலையுச்சிக்கு ஏற அவசியமில்லை. அட்டை, வழுக்கல், பெற்றோரின் கவலை எல்லாம் சேர்ந்து வானத்தை மறக்கடித்துவிடும். மைதான விளக்குகளை அணைத்து, பக்கத்துக் கடைக்காரரிடம் வெளி விளக்கை ஒரு மணித்தியாலம் நிறுத்தச் சொல்லிக் கேட்டால் போதும். டோர்ச் முகப்பில், வெசாக் கூடு செய்ய விற்கும் சிவப்புத் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கட்டினால் கண்ணைக் கெடுக்காத வெளிச்சம் கிடைக்கும்.

கருவி வாங்கப் பணம் சேர்க்கும் பாடசாலைகள் பெரும்பாலும் முதலில் பெரிய உருப்பெருக்கத்தைப் பார்க்கின்றன. பெட்டியில் ‘525 மடங்கு’ என்று அச்சடித்த மலிவுத் தொலைகாட்டியைவிட, தாங்கியில் பொருத்திய 10x50 இருகண் தொலைகாட்டி மேல். வியாழனின் நான்கு பெரிய சந்திரன்களும் அதில் புள்ளிகளாகத் தெரியும். அவற்றைத் தொடர்ந்து வரைவது உயர்தர மாணவர்களுக்கு ஏற்ற வேலை. ஒவ்வோர் இரவும் நடுவில் ஒரு சிறு வட்டம், இருபுறமும் புள்ளிகள், பக்கத்தில் நேரம். அயோ 1.77 நாளில் சுற்றிவிடும், கலிஸ்டோவுக்கு 16.69 நாள் வேண்டும். மூன்று வாரம் வரைந்தால் புள்ளிகள் தாமாகவே அலைவடிவக் கோடாக ஒழுங்குபடும். கெப்லரின் மூன்றாம் விதியைச் சோதிக்கத் தேவையான எண்கள் மாணவர் கையிலேயே இருக்கும். பௌதிகவியல் பாடத்திட்டத்தில் வரும் வானியல் தொலைகாட்டியின் கதிர்ப்படத்தையும், ஆய்வுகூடத்து இரண்டு குவிவில்லைகளை மீற்றர்க் கோலில் ஒட்டி, அதே இரவில் நிலவைப் பார்த்து விளங்கிக்கொள்ளலாம்.

சனியின் வளையங்கள் 2025 மார்ச்சில் விளிம்பாகத் திரும்பி மறைந்தன. இனிச் சில வருடங்களுக்கு அவை விரிந்துகொண்டே போகும். வருடத்துக்கு ஒரு படம் வரைந்து கழகக் கொப்பியில் ஒட்டிவைத்தால் அடுத்த தொகுதி மாணவர்கள் வித்தியாசத்தைக் காண்பார்கள்.

ஆர்வம் நின்றுபிடிக்கும் நாலைந்து பேருக்கு அடுத்த படி தேவை. வானியல், வானியற்பௌதிக ஒலிம்பியாட்டுக்கு இலங்கை அணி அனுப்பப்படுகிறது. 2025இல் சர்வதேசப் போட்டி மும்பையில் நடந்தது. கணிதம் பலமான பிள்ளைக்கு அது வழி. இணைய வசதியுள்ள பாடசாலைகள் சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பின் சிறுகோள் தேடலில் இலவசமாகச் சேரலாம். ஹவாயில் உள்ள தொலைகாட்டியின் படங்களில் நகரும் புள்ளிகளைத் தேடுவதுதான் வேலை. கருவி எதுவும் இல்லாதவர்கள் ‘குளோப் அற் நைட்’ திட்டத்தில், கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களை வைத்து ஊரின் ஒளி மாசைப் பதிவு செய்யலாம். கண்டி நகரம், கட்டுகஸ்தோட்டை, அலவத்துகொட மூன்றிலும் ஒரே இரவில் மூன்று குழுக்கள் பதிந்தால் ஒரு விஞ்ஞானக் கண்காட்சிக்கான ஆய்வு கையில்.

கழகச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டிய நாட்கள் மூன்று. 2027 ஆகஸ்ட் 2 மாலை, எகிப்தில் முழுமையாகத் தெரியும் சூரிய கிரகணம் இலங்கையில் பகுதிக் கிரகணமாகத் தெரியும். மேற்குப் பக்கம் மலை மறைக்காத இடத்தை இப்போதே தேடி வைக்க வேண்டும். 2028 டிசம்பர் 31 இரவு பத்தரை மணியை ஒட்டி முழுச் சந்திர கிரகணம். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், பெற்றோரின் அனுமதி மட்டும் போதும். 2031 மே 21இல் கங்கண சூரிய கிரகணம் தென்னிந்தியாவையும் இலங்கையின் வடமுனையையும் கடக்கும். 2010 ஜனவரியிலும் 2019 டிசம்பரிலும் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் பிடித்தவர்கள் மறுபடி பிடிக்கலாம். சூரியனைப் பார்க்க ஐஎஸ்ஓ 12312-2 தரக்குறி உள்ள கண்ணாடி மட்டுமே பாதுகாப்பு. எக்ஸ்ரே படலம், புகைபிடித்த கண்ணாடி, கறுப்புக் கண்ணாடி மூன்றும் கூடாது. கிரகணம் நெருங்கும் வாரத்தில் கொழும்பிலும் அந்தக் கண்ணாடி கிடைப்பது கடினம் என்பதால், முந்தைய தவணையிலேயே சங்கத்தின் செலவுப் பட்டியலில் அதைச் சேர்த்துவிட வேண்டும்.